யூபோனியம் குளிக்கிற செவ்வாய்க்கிழமை

கேரட் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டியில்தான் எங்கள் வீட்டு யூபோனியமும் குளிக்கும். யூபோனியத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேண்டு செட்டில் எல்லாருக்கும் தெரிந்தது டிரம்பெட். அது முன்னால் நின்று பாட்டைப் பாடும். யூபோனியம் அதைவிடப் பெரியது. கைப்பிள்ளையை அணைப்பதுபோல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து ஊத வேண்டும். பாட்டுக்கு அடியில் நின்று தாங்குவதுதான் அதன் வேலை. கல்யாண ஊர்வலத்தில் அதை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். நின்றுபோனால் மட்டும், என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் அதை ஊதுகிறவர். வில்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் பூண்டு, கொஞ்சம் கேரட். விடிந்தால் காடு, கூப்பிட்டால் பேண்டு. அவருடைய செட்டில் எல்லாருமே அப்படித்தான். ஹோட்டல் ரிசப்ஷனோ, மாதா கோயில் தேரோ, மாரியம்மன் முளைப்பாரியோ, யார் கூப்பிட்டாலும் காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுச் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் கோடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்க்கிறேன். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். சனியும் ஞாயிறும் கடையில் டூரிஸ்ட் கூட்டம் நெரியும் என்பதால் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு. செவ்வாயில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, ஆகவே செட்டுக்கும் பெரும்பாலும் லீவு. அதனால்தான் யூபோனியம் செவ்வாய்க்கிழமை குளித்தது.

நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவள். அப்பா குத்துவிளக்கும் வேலும் மணியும் விற்கிற கடை வைத்திருந்தார். பித்தளையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில், கட்டிலுக்கு அடியில் பழைய கம்பளியைச் சுற்றிக் கிடந்த அந்த வாத்தியத்தை வெளியே இழுத்து, வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியே உள்ளே இருந்தது. ரசம், வெற்றிலை, ஏதோ ஒரு பஜ்ஜி. சாப்பிட்ட வாயைக் கொப்பளிக்காமல் ஊதுகிறவர்கள் தின்றதெல்லாம் குழாய்க்குள்தான் போய்ச் சேரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் கேட்டால், "வாத்தியம் சத்தம் குடுக்குதா இல்லையா?" என்றார். இந்த மனிதரை நம்பி ஒரு பித்தளைச் சாமானை விட முடியாது என்று முடிவு கட்டினேன்.

அதற்காக எடுத்தவுடனே எல்லாம் தெரிந்துவிடவில்லை. செட்டு வாத்தியங்களை ரிப்பேர் பார்க்க திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போகும்போதெல்லாம் நானும் தொற்றிக்கொண்டு போய், அந்தக் கடையில் நின்று துருவித் துருவிக் கேட்டேன். வீட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் என் கேள்வி. கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு பதில் சொன்னார், அதற்குப் பிறகு என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். ஆனாலும் தெரிந்துகொண்டேன். நசுங்கியதை எடுப்பதும் பற்றவைப்பதும் கடை வேலை. கழுவுவதும் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் வீட்டு வேலை. வீட்டு வேலை ஒழுங்காக நடந்தால் கடை வேலை முக்கால்வாசி குறையும்.

அப்படிச் சேர்ந்ததுதான் என் பெட்டி. எங்கள் கடையில் கலந்த சாக்லேட் அடுக்கித் தருகிற, உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்கிற பிளாஸ்டிக் பெட்டி. ஒரு மூலை உடைந்ததால் விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கியதை வாங்கி வந்தேன். ஒரு தடுப்பில் பிஸ்டனுக்குப் போடுகிற எண்ணெய். பிஸ்டன் என்பது ஊதும்போது விரலால் அமுக்குகிற மூன்று கட்டைகள். உறைக்குள் மேலும் கீழுமாக ஓடும். அந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி இளசாக இருக்கும், குளிரில் கெட்டியாகாது. இன்னொரு தடுப்பில், இழுத்து நீட்டுகிற குழாய்களின் முனையில் தடவ ஒரு டப்பா வாசலின். மவுத்பீஸுக்கு ஒரு குட்டி பிரஷ். அது கிடைக்கும்வரை பால் பாட்டில் நிப்பிள் கழுவுகிற பிரஷை வைத்து ஓட்டினேன், குறை சொல்ல முடியாது. தையல் மிஷினுக்கு உரிய சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. பிஸ்டன் உறையைத் துடைக்க, முனை மழுங்கச் சீவிய மூங்கில் குச்சியும் வேட்டிக் கிழிசலும். கம்பியில் துணி சுற்றக் கூடாது; ஒரு கீறல் விழுந்தால் உறை போச்சு. ஊதும்போது குழாயில் தேங்குகிற தண்ணீரை வெளியே விட ஒரு மூடி இருக்கும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் தக்கை தேய்ந்தால் காற்று கசியும். அதற்கு டூரிஸ்டுகள் ரோட்டோரம் வீசிவிட்டுப் போகிற ஒயின் பாட்டில் தக்கைதான். பிளேடால் வில்லையாக அறுத்து ஒட்டினால் கச்சிதமாக உட்காரும். அவர்கள் குடித்ததில் எங்கள் செட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

பெட்டியில் அடங்காத ஒன்றும் உண்டு. இரண்டு முனையிலும் பிரஷ் வைத்த, வளைகிற நீளச் சுருள். அதைப் 'பாம்பு' என்போம். சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வாத்தியத்தை முக்கி, பாம்பை ஒரு குழாயில் விட்டு இன்னொரு வளைவில் தலை தெரியும்வரை தள்ள வேண்டும். முதல் தடவை அது வெளியே தள்ளிக்கொண்டு வந்த பச்சைச் சேற்றைக் கண்டு என் மாமியார், "எம் பிள்ள வயித்துக்குள்ள இருந்து வந்த மாதிரில்ல இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார்.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பெட்டியின் கதை முடியாது. அவர் கெட்டவர் இல்லை. உதவி செய்கிறேன் என்று கிளம்பிவிடுவதுதான் தொல்லை. ஒரு கார்த்திகைக்கு நான் வேலைக்குப் போயிருந்தபோது, விளக்குகளைப் புளி போட்டு விளக்கிய கையோடு, பித்தளைதானே என்று யூபோனியத்தையும் இழுத்துப்போட்டுப் புளியும் சாம்பலுமாகத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் தகதகவென்று மின்னுகிறது. வாத்தியத்தின் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. காற்றும் ஈரமும் பித்தளையைத் தொடாமல் காப்பது அதுதான். அது பாதிக்கு மேல் போயிருந்தது. சீக்கிரமே திட்டுத் திட்டாகக் கருத்தது, இன்றுவரை அப்படியே இருக்கிறது. "வெளக்குக்கு ஆகுற புளி இதுக்கு ஆகாதாத்தா?" என்று அவர் அப்பாவியாகக் கேட்டபோது நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிலிருந்து அவர் வாத்தியத்தின் பக்கம் போக மாட்டார். நாள் முழுக்க அடுப்பங்கரைதான் அவர் இடம். எங்கள் ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் வருஷம் பூராவும் கெட்டியாகவே இருக்கும் என்பதால், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பியும் அவரோடு அடுப்போரத்தில்தான் குடியிருக்கும்.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால், ஹோட்டல் கல்யாணம் ஒன்றுக்கு ஊதிவிட்டுத் திறந்த ஜீப்பில் தலையில் துண்டுகூட இல்லாமல் வந்தார் வீட்டுக்காரர். மறுநாள் காப்பி குடிக்கும்போது வாயின் இடது ஓரமாக ஒழுகியது. சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். முகத்தின் ஒரு பாதி சிரித்தது, மறுபாதி சும்மா இருந்தது. இடது கண் மூடவில்லை. "காத்து அடிச்சிருச்சு" என்றார்கள் ஊரில். கோடைக்கானல் டாக்டர் முகவாதம் என்றார். மாத்திரை கொடுத்தார். மூளைக்கு ஒன்றும் இல்லை, அநேகமாகச் சரியாகிவிடும், நாளாகும் என்றார். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்பவும், உதட்டைக் குவித்து விசில் அடிக்கவும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

மற்றவர்களுக்கு முகவாதம் என்றால் முகம்தான் போச்சு. ஊதுகிறவருக்குக் கையும் காலும் சேர்ந்து போன மாதிரி. உதடு இரண்டும் இறுக மூடி மவுத்பீஸில் அதிர்ந்தால்தான் சத்தம். ஒரு ஓரம் திறந்துகொண்டால் காற்று அந்த வழியாகப் புஸ்ஸென்று போய்விடும். ஒரே ஒரு தடவை என் எதிரில் ஊதிப் பார்த்தார். அந்தப் புஸ் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு மப்ளரைக் கண்வரை இழுத்துச் சுற்றிக்கொண்டார். அதன் பிறகு டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. காட்டுக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார்.

"ஏங்க, டாக்டர் சொன்ன மாதிரி கன்னத்த உப்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"பாத்தேன்னு சொல்றேன்ல."

இப்படியே போனது. நான் மட்டும் செவ்வாய் தவறாமல் யூபோனியத்தை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். ஊதாமல் போட்டுவிட்டால் பிஸ்டன் உறையோடு ஒட்டிக்கொள்ளும், மவுத்பீஸ் இறுகும், உள்ளே பச்சை பூக்கும். அவர் வாய் சரியாகிற அன்றைக்கு வாத்தியம் வம்பு பண்ணக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அவருக்கு அது எப்படிப் பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் தொட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"யாருக்குடி இதெல்லாம்? ஊதத்தான் ஆள் இல்லையே. செட்டுக்காரங்கட்ட குடுத்து அனுப்பு. பாக்கப் பாக்க எரிச்சலா வருது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. "சரிங்க. இனி நானும் தொட மாட்டேன்" என்று வாத்தியத்தைத் துடைத்துக் கம்பளியில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கிடந்த ஊக்குகளோடு சேர்த்துக் கோத்துக்கொண்டேன். எதற்காகப் பூட்டினேன்? யார் எடுக்கப் போகிறார்கள்? கோபத்தில் பூட்டுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியெல்லாம் வராது. அதன் பிறகு பல செவ்வாய்க்கிழமைகள் யூபோனியம் குளிக்காமலே போயின. கட்டிலுக்கு அடியைப் பார்க்காமல் பெருக்கினேன்.

செட்டு வாத்தியங்கள் யாருக்கும் சொந்தம் இல்லை. செட்டுக்குச் சொந்தம். ஊதுகிறவர் வீட்டில் இருக்கும், அவ்வளவுதான். மாசியில் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. அது நெருங்கிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செட்டை நடத்துகிற அண்ணன் வந்தார். கூடவே வடகவுஞ்சிக்காரர் ஒருவர். அவர் டிரம்பெட் ஊதுகிறவர், யூபோனியமும் ஊத வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று வாசலில் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, வருத்தப்படாதீங்க" என்றார் அண்ணன். "திருவிழா வருது. யூபோனியம் இல்லாம செட்டு நிக்காது. இவரு ஊதட்டும். மாப்பிள்ளைக்குச் சரியானதும் மாப்பிள்ளைதான்."

சரியானதும் என்று அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் வாத்தியம் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் திரும்பி வராது. கையும் உதடும் பழகிப்போகும். பழகிய கையிலிருந்து யாரும் பிடுங்க மாட்டார்கள். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும்.

"எடுத்துக் குடு" என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து வாத்தியத்தை இழுத்தேன். ஆனால் அடுத்தவர் வீட்டுக்கு அழுக்கோடு ஒரு பித்தளைச் சாமானை அனுப்ப என்னால் முடியாது. "ஒரு டீ குடிக்கிற நேரம் இருங்கண்ணே, தொடச்சுத் தாரேன்" என்றேன். மாமியார் டீ போட அடுப்பைத் தூண்டினார். நான் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, வாத்தியத்தைச் சுமந்து பின்பக்கம் போனேன்.

மவுத்பீஸைத் திருகினேன். இவ்வளவு நாள் சும்மா கிடந்தது இறுகியிருக்கும், மரச்சுத்தியால் லேசாகத் தட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தொட்டதும் கழன்று வந்தது. உள்ளே விரலை விட்டால் தூசி இல்லை. சரி, கம்பளி காப்பாற்றியிருக்கிறது. தண்ணீர் விடுகிற மூடியை அமுக்கினேன். என் பாதத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஊதாத வாத்தியத்தில் ஏது தண்ணீர்? எங்கள் ஊர் மேகமூட்டத்துக்குத் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும், அப்படித்தான் இறங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பிஸ்டனில் விரல் வைத்தேன். அசையவில்லை. மூன்றும் அசையவில்லை.

என் கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது. எண்ணெய் போடாமல் விட்டதால்தானே இந்தக் கதி? வடகவுஞ்சிக்காரர் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார்.

"ஒட்டிக்கிச்சாக்கா? பிளையர் கெடந்தா குடுங்க, வெரசா ஒரு திருகு திருகிரலாம்."

"பிளையரைக் கொண்டுகிட்டு வந்தீங்கன்னா தம்பி, டீ கிளாஸ வச்சுட்டுப் போக வேண்டியதுதான்" என்றேன். அவர் போய்விட்டார்.

ஒட்டிய பிஸ்டனை வலுவால் எடுக்கக் கூடாது. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து உறையைச் சுற்றிக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டினேன். வழக்கமாக இதற்கு நேரம் பிடிக்கும். காய்ந்த அழுக்கு லேசில் விடாது. ஆனால் துணி ஆறுவதற்குள்ளேயே முதல் பிஸ்டன் விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அழுக்கு இப்படி இளகாது. மேல் மூடியைத் திருகிக் கழற்றி, பிஸ்டனை வெளியே உருவினேன். சூடு படாத அடிப்பாகத்தில் வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. விரலால் வழித்தேன். விரல் சூட்டுக்கே உருகியது. முகர்ந்து பார்த்தேன். என் தலைமுடி மணந்தது.

தேங்காய் எண்ணெய்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கழன்று வந்த மவுத்பீஸ், பாதத்தில் சொட்டிய தண்ணீர், இப்போது இந்த எண்ணெய். நான் காலை பஸ் ஏறிப் போன பிறகு இந்த வீட்டில் யாரோ தினமும் இந்த வாத்தியத்தை ஊதியிருக்கிறார்கள். பிஸ்டன் திக்கியிருக்கிறது. சரியான எண்ணெய் என் பெட்டியில், பெட்டி பீரோவில், சாவி என் கழுத்தில். கேட்க மனம் இல்லை. உருக்கிய தேங்காய் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். ஊதி முடிக்கிறவரை அது இளகி இருந்திருக்கும். வாத்தியத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் எங்கள் ஊர்க் குளிர் அதை உறைய வைத்திருக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். பின்வாசலில் அவர் நின்றிருந்தார். மப்ளருக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடுத்துவிடு, எரிச்சலாக வருகிறது என்று சொன்ன மனிதர். அவர் மேல் அந்த நேரத்தில் எனக்கு வந்த பாசத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி வந்ததில்லை.

பிஸ்டனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, பிஸ்டன் மூணும் ஒட்டிக் கெடக்கு. இன்னைக்குத் தர முடியாது."

"திண்டுக்கல்லுக்கு வேணா கொண்டு போயிரலாமே தங்கச்சி?"

"அங்கெல்லாம் வேணாம். வீட்டுலயே சரியாகும். நாளாகும், அவ்வளவுதான்."

"திருவிழாவுக்கு?"

"திருவிழாவுக்கு யூபோனியம் வரும்."

யார் கொண்டு வருவார் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் என் கையைப் பார்த்தார். அவர் காலமெல்லாம் ஊதுகிறவர். பிஸ்டனில் இருந்த வெள்ளையை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். வீட்டுக்குள் ஒரு தரம் பார்த்தார். பிறகு விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வடகவுஞ்சிக்காரரின் தோளில் கைவைத்தார்.

"வாங்க போவோம். வீட்டுலயே சரியாகுமாம்."

அவர்கள் போன பிறகு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பினேன். சோப்பு நிறையவே போட வேண்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் லேசில் போகாது. மூன்று பிஸ்டன்களையும் வரிசை மாறாமல் துண்டின் மேல் அடுக்கினேன். ஒன்றின் உறையில் இன்னொன்றைப் போட்டால் காற்றே போகாது. அவர் வந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாம்பை எடுத்து ஒரு குழாயில் விட்டார். நான் இந்த முனையில் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டிருந்தா எண்ணெய குடுத்திருப்பேன்ல?" என்றேன்.

"கேட்டா, ஊதுறீங்களான்னு கேப்ப."

"கேட்டா என்ன?"

"என்னத்தச் சொல்றது? சத்தம் வந்தாத்தான சொல்ல."

பாம்பின் தலை வளைவில் வெளியே வந்தது. பச்சை இல்லை. சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் வெள்ளைக் கட்டிகளும் மட்டும்தான்.

"இப்ப வருதா?"

கையிலிருந்த பாம்பைக் கீழே வைத்தார். பிறகு மப்ளரைக் கீழே இறக்கினார். நான் சரியாகப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. இடது கண் இப்போது முக்கால்வாசி மூடியது.

"ஒரு பக்கமா வருது" என்றார்.

அன்றைக்குச் சாவியை ஊக்கிலிருந்து கழற்றிப் பீரோக் கதவிலேயே தொங்கவிட்டேன். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

திருவிழாவில் அவர் வாசித்தார். கடைசி வரிசையில், மப்ளர் இல்லாமல். எல்லாப் பாட்டும் இல்லை. பாட்டு மேல் சுருதிக்கு ஏறுகிற இடங்களில் வாத்தியத்தை இறக்கி மூச்சு வாங்கினார். வடகவுஞ்சிக்காரர் பக்கத்தில் நின்று அந்த இடங்களை டிரம்பெட்டில் நிரப்பினார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஊரார் பார்த்தார்கள், அண்ணன் தலையை ஆட்டினார், நான் கூட்டத்தில் நின்று கண்ணைத் துடைத்தேன். ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது அது இல்லை. அதற்கு முந்தி, யூபோனியத்தைக் கழுவிய அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது.

லீவு நாளில் நான் வீட்டில் இருந்தால் அவர் ஊத மாட்டார் என்று தெரியும். அதனால் காலையிலேயே, "காட்டுல சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழ்த் தட்டுக்கு இறங்கினேன். அங்கே ஒரு சோலியும் இல்லை. பூண்டு பிடுங்கி முடிந்த வெறும் காடு. வரப்பில் உட்கார்ந்து சும்மா மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே வீட்டிலிருந்து வந்தது. முதலில் காற்று. பிறகு காற்றும் சத்தமும் கலந்து. பிறகு பாட்டுக்கு அடியில் நிற்கிற அந்தக் கனத்த சத்தம், நடுங்கிக்கொண்டே நீண்டது.

பின்னால் காலடி கேட்டுத் திரும்பினேன். மாமியார். அடுப்பங்கரையை விட்டு அவர் அவ்வளவு தூரம் இறங்கி வருவது அபூர்வம்.

"இங்க என்னாத்தா சோலி ஒனக்கு?"

"ஒன்னும் இல்ல அத்தை. உக்காருங்க."

உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எண்ணெய உருக்கிக் குடுத்தது நாந்தான். கட்டை திக்குதுன்னான். ஒன் பொட்டி பூட்டிக் கெடந்துச்சு. எண்ணெய்தானன்னு அடுப்போரமா வச்சு உருக்கிக் குடுத்தேன். புளி மாதிரி இதுவும் தப்பாப் போச்சு, இல்லையா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்ப தினமும் ஊதுனது ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியாம? மொதல்ல எரும கத்துன மாதிரி இருந்துச்சு. அம்மா நீ கேக்கக் கூடாதுன்னு கூச்சப்பட்டான். நான் ரெண்டு காதுலயும் பஞ்ச வச்சுக் காட்டுனேன். அவன் உள்ள போனதும் எடுத்துருவேன்."

மேலே மறுபடியும் ஆரம்பித்தது. ஒரு பக்கமாகத்தான் வந்தது. குளிருக்குக் காதை மூடியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டேன். மாமியார் நகர்ந்து என்னை ஒட்டி உட்கார்ந்தார். வீட்டுக்காரர் ஊதி முடித்துவிட்டு வாத்தியத்தைத் துடைத்து வைக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் மேலே போகவில்லை.